மெரிஷேனிக்காரருக்கு மூன்று ஊர் இருப்பது பொய்யல்ல

அனுப்புநர்:
யதுர்ஷா தில்லைநாதன்,
பத்தாம் வகுப்பு மாணவி, இளையோர் பிரிவு உறுப்பினர்,
ஹொல்ம்லியா, ஒஸ்லோ.

பெறுநர்:
திரு. ஞானரட்ணம் அவர்கள்,
தலைவர்,
தென்கிழக்கு ஒஸ்லோ தமிழர் ஒன்றுகூடல் மன்றம்.

பொருள்: மன்ற மண்டபப் பராமரிப்பாளர் திரு. கவ்ரில் அவர்களை, ஊரைப் பற்றிப் பொய் சொன்னார் என்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நிறுத்தும் யோசனையை வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலிருந்து நீக்கக் கோரல். அந்த ஊர் இருக்கிறது என்பதைப் புவியியல், சனத்தொகை விபரங்களுடன் நிறுவுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அனுப்புநரின் பெயரைப் பார்த்ததும் தாங்கள் இந்தக் கடிதத்தைத் தூரப் பிடித்துத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். அதில் நியாயம் உண்டு. சென்ற வருடப் பொதுக்கூட்டத்தன்று மண்டபக் கதவில் "இன்று கூட்டம் இல்லை, வடையும் தேத்தண்ணியும் மட்டும்" என்று எழுதி ஒட்டியது நான்தான். அன்றைக்கு வந்த அளவு சனம் அதற்கு முன்னரும் பின்னரும் எந்தப் பொதுக்கூட்டத்துக்கும் வரவில்லை என்பதைத் தாங்களே மேடையில் சொன்னீர்கள். இருந்தாலும் தண்டனையாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நடன வகுப்பு முடிந்ததும் கதிரை அடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. அந்த வேலையின்போது கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையுமே கீழே எழுதியுள்ளேன். இந்த மனுவில் பகிடி ஏதும் தென்பட்டால் அது நடந்த விடயத்தில் இருந்த பகிடியே தவிர நான் சேர்த்ததல்ல.

2. திரு. கவ்ரில் ருமேனிய நாட்டவர். சென்ற இலையுதிர் காலம் தொடக்கம் எங்கள் மண்டபத்தின் வக்மேஸ்தர், அதாவது பராமரிப்பாளர். கதிரை, கூரை, கழிவறை, வாசலில் விழும் பனி, உள்ளே விழும் சண்டை எல்லாம் அவருடைய பொறுப்பு. சமையலறையைப் பார்க்கும் மரியமலர் அன்ரி அவரைக் கபிரியேல் என்று அழைக்கிறார். பொருட்காப்பாளர் மகேசன் ஐயா கௌரி என்று அழைக்கிறார். சின்னப் பிள்ளைகள் கவரிங் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அவர் "ஓம், ஓம்" என்று திரும்பிப் பார்க்கிறார். ஒரு மனிதருக்கு நாங்கள் மூன்று பெயர் வைத்தபோது எவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் தன் ஊருக்கு மூன்று பெயர் சொன்னதும் வந்துவிட்டது.

3. இந்த வேலை போனால் அவருக்கு என்ன போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து ஒரு வருடம் கடந்துவிட்டாலும், அந்த நாட்டவருக்கு இங்கே முழுநேர வேலை இருந்தால்தான் தங்கும் அனுமதி கிடைக்கும். மன்றம் புதிய வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் அவருடைய அனுமதி நீளும். வைக்காவிட்டால் அவர் பெட்டி கட்ட வேண்டும். அவருடைய மகள் அன்கா என்னைவிட ஒரு வயது இளையவள். தாய் இத்தாலியில் ஒரு வயோதிப மாதுவைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். தகப்பன் இங்கே. பிள்ளை சித்தி வீட்டில். ஓகஸ்ட்டில் அவளை இங்கே எடுத்து ஹொல்ம்லியாவில் பள்ளிக்கூடம் சேர்ப்பதற்காகத்தான் அவர் இந்தக் குளிரில் எங்கள் கூரையில் ஏறி நின்றார். எங்களுடைய ஆட்களுக்கு விசா, அனுமதி, குடும்பத்தைக் கூப்பிடுதல் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. மண்டபத்தில் வேறு கதை கதைத்து நான் கேட்டதே இல்லை.

4. இனிக் கிடாரம். சித்திரைப் புத்தாண்டு விருந்து முடிந்த கிழமை, மன்றத்தின் பெரிய சமையல் கிடாரம் களஞ்சிய அறையில் இல்லை என்று மகேசன் ஐயா அறிவித்தார். அறிவித்த அதே மூச்சில், "ருமேனியாக்காரனிட்டைத் திறப்பைக் குடுத்தால் வேறை என்ன நடக்கும்" என்றும் சொன்னார். அந்த அறைப் பூட்டுக்குத் திறப்பு வைத்திருப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. கிடாரமோ இரண்டு ஆண்கள் பிடித்தாலும் இடையில் ஒருமுறை இறக்கி மூச்சு வாங்க வேண்டிய சாமான். கவ்ரிலிடம் வாகனம் கிடையாது. அவர் உள்ளூர் ரயிலில் வந்து போகிறவர். முந்நூறு பேருக்குச் சோறு போடும் பாத்திரத்தோடு ஒருவர் ஒஸ்லோ ரயிலில் ஏறியிருந்தால், அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். எப்படியும் நாலு பேர் கண்டிருப்பார்கள்.

5. பிறகு கிடாரம் திரும்பி வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை களஞ்சியத்தைத் திறந்தால், முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. யார் கொண்டு போனது, யார் கொண்டுவந்தது என்று எவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். மரியமலர் அன்ரி அதன் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கள்ளன் ஏன் பிள்ளை தேசிக்காயும் போட்டு மினுக்கிக் கொண்டந்து வைக்கப்போறான்? உது களவு போகேல்லை. சடங்கு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுட்டு வந்திருக்குது." கிடாரம் இல்லாதிருந்த அந்தக் கிழமை பியோர்ண்டாலில் ஒரு சாமத்தியச் சடங்கு நடந்தது என்பதும், அது மகேசன் ஐயாவின் உறவினர் வீடு என்பதும் மன்றத்தில் பாதிப் பேருக்குத் தெரியும், ஏனெனில் பாதிப் பேர் அங்கே சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன், கறி நன்றாக இருந்தது. எந்தப் பாத்திரத்தில் சமைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. "எங்கடை மன்றத்துச் சாமான்தானே" என்று சொல்லாமல் எடுத்து, சொல்லாமல் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இதில் நான் எவரையும் குற்றம் சாட்டவில்லை. இரண்டு விடயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். அவை தாங்களாக ஒட்டிக்கொண்டால் பசை என்னுடையதல்ல.

6. கிடாரம் வந்ததும் கவ்ரிலின் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அறிவித்தல் பலகையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோது, "கிடாரம் காணாமற் போனமை" என்று முன்பு இருந்த இடத்தில் "பராமரிப்பாளரின் நம்பகத்தன்மை" என்று இருந்தது. பாத்திரம் போய் நம்பிக்கை வந்திருக்கிறது. இதன் பொருள் என்ன என்று வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். தாங்கள் அறிந்தபடி அப்பாவும் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். அவர் தேத்தண்ணியை ஆற்றியபடி, "கிடாரம் வேறை, இது வேறை. தன்ரை ஊரையே மறைக்கிறவனை எப்பிடி நம்பிறது?" என்றார். ஆகவே இப்போது அவர்மேல் உள்ள ஒரே குற்றச்சாட்டு ஊர்தான். அதற்குப் பதிலளிக்கவே நூலகத்திலும் மண்டபத்திலும் நான் இந்த விபரங்களைச் சேகரித்தேன்.

7. அவர் சொன்ன மூன்று ஊர்களும் எப்படி வந்தன என்பதை முறையே எழுதுகிறேன். வேலைக்கு எடுக்கும்போது தாங்கள் கேட்டீர்கள், அவர் மெரிஷேனி என்றார். கிடாரம் காணாமற் போனதும், மெரிஷேனியில் எவடம் என்று மகேசன் ஐயா கேட்டார், பொயானா என்றார். பின்னர் களஞ்சிய அறை வாசலில் வைத்துத் தாங்களும் மகேசன் ஐயாவும் விசாரித்தீர்கள். நான் அப்போது கதிரைகளுக்குப் பின்னால் நின்றேன், ஒளிந்து நிற்கவில்லை, உயரம் அவ்வளவுதான். மகேசன் ஐயா நோர்வேஜிய மொழியில், "பொயானாவிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கவ்ரில் கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினார். ஐயா மறுபடி கேட்டார். கவ்ரில் கையில் இருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, "பெஸ்தே வாலே" என்றார். மகேசன் ஐயா உடனே தங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னது: "பாத்தியளே அண்ணை, உவன்ரை ஊர் நாளுக்கு நாள் இடம் மாறுது. ஊரோ, சர்க்கஸோ? விட்டால் நாளைக்கு எங்கடை யாழ்ப்பாணத்துப் பொன்னாலை எண்டும் சொல்லுவான்." தாங்கள் சிரித்தீர்கள். என்ன சொன்னார்கள் என்று விளங்காமல், மரியாதைக்காகக் கவ்ரிலும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நான் இந்த மனுவை எழுதத் தொடங்கினேன்.

8. அதே விசாரணையில் ஊரின் சனத்தொகையும் கேட்கப்பட்டது. ஒருமுறை மூவாயிரம் என்றும், ஒருமுறை நானூறு என்றும், கடைசியில் "இப்போது ஆட்கள் இல்லை" என்றும் சொன்னார். அப்பா எங்கள் வீட்டு அட்லஸை எடுத்து, ருமேனியாப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி முட்டும் அளவுக்குக் குனிந்து தேடிவிட்டு, "மூண்டிலை ஒண்டு கூட இல்லை. அட்லஸிலை இல்லாத ஊர் உலகத்திலை இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் எங்களுடைய ஊரைக் காட்டுங்கோ என்று நான் இலங்கைப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தேடினார். பிறகு, "உது சின்ன அட்லஸ்" என்றார். அந்த அட்லஸின்படி என் அப்பா எங்கிருந்தும் வரவில்லை, நானும் பிறக்கவில்லை. பிறக்காதவள் மனு எழுதலாமா என்பதைத் தாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

9. புவியியல். இதைக் கவ்ரில் எனக்கு மண்டபத்துக் கரம் போர்டில் விளங்கப்படுத்தினார். நூலகத்துப் பெரிய வரைபடத்தோடு பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தேன், காய்கள் பிழையாக இருக்கவில்லை. மெரிஷேனி என்பது ஒரு கொம்யூன். ஒஸ்லோ கொம்யூனின் கடிதங்கள் எங்கள் எல்லோர் வீட்டுக்கும் வருவதால் அந்தச் சொல் தங்களுக்குப் புதிதல்ல. ருமேனியாவிலும் அதே சொல்தான், அளவு மட்டும் சிறிது. நாட்டுப்புறத்தில் சில கிராமங்களைச் சேர்த்து ஒரு நிர்வாகம், ஊரில் பிரதேச சபை இருப்பது போல. நாட்டின் வடபகுதியில் கார்ப்பாத்திய மலையடிவாரத்தில், ரேச்சா என்ற ஓடையின் இரு கரைகளிலும் இந்தக் கொம்யூன் கிடக்கிறது. ரேச்சா என்றால் குளிர்ந்தவள் என்று பொருளாம். கீழே, தார் வீதி முடியும் இடத்தில் மெரிஷேனிக் கிராமம். கொம்யூன் அலுவலகம், தபாற்கந்தோர், எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம், கிழமையில் இரண்டு நாள் வரும் வைத்தியர் எல்லாம் அங்கேதான். கரம் போர்டில் அதற்குச் சிவப்புக் காயை வைத்தார். ஓடையோரமாக மேலே போகப் போக வாலேனி, துர்னு, லுன்கா என்று மூன்று கிராமங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கிரவல் வீதியில் ஏறினால் பொயானா. பிளம்ஸ் தோட்டங்கள், புல் வெட்டும் சரிவுகள், ஆட்டுப் பட்டிகள், அதற்கு அப்பால் ஊசியிலைக் காடு. பனி விழுந்தால் பேருந்து மேலே வராது என்று சொல்லி, கரம் பவுடரை எடுத்துப் பொயானா மேல் தூவினார். பவுடரை வீணாக்கியது பற்றி முறைப்பாடு வந்தால் அதற்கு நான் பொறுப்பு.

10. பொயானாவில் ஓடையைத் தாண்டி மறுகரையில் ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் பெஸ்தே வாலே. அவர்கள் மொழியில் ஓடைக்கு அப்பால் என்று பொருள். அங்கே போக வாகனப் பாதை இல்லை. மரக்குற்றி அடித்துப் போட்ட நடைபாலம்தான். வெள்ளம் அதைக் கொண்டுபோனபோது கொம்யூன் புதிது கட்டித் தரவில்லை, அந்தப் பக்கத்து ஆட்களே கட்டினார்கள். ஆகவே ஐயா, மெரிஷேனி கொம்யூனின் பெயர், பொயானா கிராமத்தின் பெயர், பெஸ்தே வாலே குறிச்சியின் பெயர். ஒரே மனிதர் மூன்று பதில் சொன்னார், ஏனெனில் மூன்று முறையும் கேள்வி ஒவ்வொரு படி கீழே இறங்கியது. கேள்வி இறங்கினால் பதிலும் இறங்கத்தானே வேண்டும்.

11. சனத்தொகை. 2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மெரிஷேனி கொம்யூனில் 2,846 பேர். இதைத்தான் அவர் மூவாயிரம் என்றார். பொயானாவில் 391 பேர். இதைத்தான் நானூறு என்றார். கிட்டத்தட்டச் சொல்வது பொய்யென்றால், விளையாட்டுப் போட்டிக்கு ஆயிரம் பேர் வந்ததாக மன்றம் சொன்னது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. "இப்போது ஆட்கள் இல்லை" என்றதும் உண்மையே. கணக்கெடுப்பில் உள்ளவர்களில் வேலை செய்யும் வயதினர் பெரும்பாலானோர் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இருக்கிறார்கள். லுன்காவில் பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது. பொயானாவில் நான்கு வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியருடன் நடக்கின்றன. ஓகஸ்ட் வந்தால் இத்தாலி இலக்கத்தகடு போட்ட கார்கள் வரிசையாக வரும், ஒரே நாளில் இரண்டு கலியாணம் நடக்கும், பால் காணாது. செப்டெம்பரில் மறுபடி நாய்களும் முதியவர்களும். கவ்ரிலின் வீட்டை எடுத்துக்கொண்டால் கணக்கெடுப்பில் மூவர், கதவைத் தட்டினால் ஒருவரும் இல்லை. மூன்று பேரும் மூன்று இடத்தில் இருக்கிறார்கள். எந்த எண்ணைச் சொல்வது சரி என்று ஐயா அவர்களே சொல்லுங்கள்.

12. இது விளங்காவிட்டால் எங்கள் வீட்டுக் கணக்கைத் தருகிறேன். எங்களுடைய ஊரில் எத்தனை பேர் என்று அப்பாவிடம் கேட்டேன். "இரண்டாயிரம் குடும்பம்" என்று உடனே சொன்னார். இப்போது எத்தனை பேர் என்று கேட்டேன். அப்பாவின் ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருப்பது தங்களுக்குத் தெரியும். "இப்ப ஆமிதான்" என்றார். இரண்டாயிரம் குடும்பமும் சரி, ஒருவரும் இல்லை என்பதும் சரி. நான் என் அப்பாவைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அட்லஸை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

13. அடுத்து எழுதப்போவதைத் தாங்கள் பெரிய மனது வைத்து வாசிக்க வேண்டும். புத்தாண்டு விருந்தன்று பந்தியில் நான் பரிமாறிக்கொண்டு நின்றபோது, தங்களிடம் பலர் ஊர் விசாரித்தார்கள். ட்வெய்ட்டாவில் இருந்து வந்த நோர்வேஜிய விருந்தினருக்கு ஸ்ரீலங்கா என்றீர்கள். சென்னையில் இருந்து கணினி வேலைக்கு வந்திருந்த தம்பதியருக்கு யாழ்ப்பாணம் என்றீர்கள். அவர்கள் "ஜாஃப்னால எந்த இடம் சார்?" என்று கேட்டதற்கு வலிகாமம் என்றீர்கள். புதிதாக வந்த எங்களுடைய ஆள் ஒருவர் கேட்டதற்குச் சுன்னாகம் என்றீர்கள். பாயாசம் வருவதற்கிடையில் ஐயா அவர்கள் நான்கு இடத்தில் பிறந்துவிட்டீர்கள். எவரும் அதை நிகழ்ச்சி நிரலில் போடவில்லை, போடவும் கூடாது. கேட்பவர் எவ்வளவு கிட்ட வருகிறாரோ அவ்வளவுக்குத்தான் நாங்கள் ஊரைத் திறப்போம். கவ்ரிலும் அதைத்தான் செய்தார். எங்கள் ஆட்கள் அவரிடம் எங்கள் முறையில் ஊர் விசாரித்தார்கள், அவர் எங்கள் முறையில்தான் பதிலும் சொன்னார். பிறகு ஏன் அவரைப் பிறத்தியார் போல நடத்துகிறோம்?

14. சுன்னாகம் என்றதும் அந்தப் புதிய ஆள், "சுன்னாகத்திலை எவடம்? ஆற்றை ஆக்கள்?" என்று கேட்டார். யாருடைய ஆட்கள் என்ற அந்தக் கேள்வியை எங்கள் ஆட்கள் வழி தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. ஏன் கேட்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாங்கள் இங்கே பிறந்தவர்கள், ஆனால் செவிடாகப் பிறக்கவில்லை. பந்தியில் அந்தக் கேள்வி வரும்போது சிலர் உரத்துப் பதில் சொல்வதையும், சிலர் சோற்றைப் பிசைந்துகொண்டு "அங்காலை... சந்தைக்குக் கிட்ட" என்று விழுங்குவதையும் வாளியோடு நின்று பார்த்திருக்கிறேன்.

15. கரம் போர்டில் எல்லாக் கிராமத்துக்கும் காய் வைத்த கவ்ரில், பெஸ்தே வாலேக்கு வைக்கவில்லை. நான் ஒரு கறுப்புக் காயை எடுத்து, இங்கேயா என்று கேட்டேன். அதைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னார். இந்தக் கரை ஆட்கள் அந்தக் கரை ஆட்களை வீட்டுக்குள் எடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கரைப் பிள்ளைகளுக்குக் கடைசி வாங்கில்தான் இருக்க இடம். பேருந்துச் சாரதி பாலத்தடியில் நிறுத்துவதில்லை. செத்தாலும் மயானத்தில் வேறு மூலை. பொயானாவில் இருந்து வேலைக்குப் போன இடமெல்லாம், அதே பக்கத்து ஆள் யாராவது வந்து "எந்தக் கரை?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்தாராம். அந்தக் கரையில் இருப்பவர்கள் யார், என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த கேள்வி வரும்.

16. மகேசன் ஐயாவுக்கு ருமேனியாவின் ஓடைகள் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தும், நோர்வே முழுவதும் எவரும் கேட்காத அந்தக் கேள்வியை, பழக்கத்தின் காரணமாகச் சரியாக அவரிடம் கேட்டுவிட்டார். "எந்தப் பக்கம்?" கவ்ரில் நினைத்தால் பொயானாவோடு நின்றிருக்கலாம். சந்தைக்குக் கிட்ட என்று விழுங்கியிருக்கலாம். வேறு கரையைச் சொல்லியிருந்தாலும் எங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது, அட்லஸ் சின்னது. அவர் விளக்குமாற்றை வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார். பொய் சொல்கிற மனிதர் மூன்றாவது பெயர் வரைக்கும் வரவே மாட்டார் ஐயா. முதற் பெயரோடு வாயை மூடியிருப்பார். அவருடைய நம்பகத்தன்மைக்கு அந்த மூன்றாவது பெயரைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை. அதையே நாங்கள் குற்றமாக எழுதி வைத்திருக்கிறோம்.

17. ஒரு சிறு சந்தேகத்தையும் பதிவு செய்கிறேன். மகேசன் ஐயாவின் மைத்துனர் முழுநேர வேலை தேடுகிறார் என்பது ஹொல்ம்லியா ரயிலில் வரும் தமிழர் எல்லோருக்கும் தெரியும். மகேசன் ஐயாவே பெட்டி முழுக்கக் கேட்கும்படி கைத்தொலைபேசியில் கதைத்தார். "கொஞ்சம் பொறு, மண்டபத்திலை ஒரு இடம் வரும்போலை கிடக்கு" என்றார். அப்போது கிடாரம் இன்னும் காணாமற் போகவில்லை. இதிலும் நான் எவரையும் குற்றம் சாட்டவில்லை. பசை பற்றி ஏற்கனவே சொல்லியுள்ளேன்.

18. ஆகவே ஐயா அவர்களிடம் நான் பணிவாகக் கேட்பது: "நம்பகத்தன்மை" என்ற விடயத்தை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னரே நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். கவ்ரிலின் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வையுங்கள், அவருடைய விண்ணப்பம் அதற்காகத்தான் காத்துக் கிடக்கிறது. அவரைப் பற்றி எதையாவது விசாரித்தே ஆகவேண்டுமென்றால் மண்டபம் துப்புரவாக இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று விசாரியுங்கள். சென்ற மாரியில் ஒழுகிய இடத்தில் இப்போது தாங்கள் கதிரை போட்டு உட்காருகிறீர்கள். கிடாரத்தை மினுக்கியவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. அவருக்கு மன்றத்தின் சார்பில் ஒரு நன்றி சொன்னால் போதும்.

19. மேற்படி கூட்டத்துக்குக் கவ்ரிலையும் வரச் சொல்லியிருக்கிறீர்கள். நேற்றுக் கதிரை அடுக்கும்போது அவர் என்னிடம் கேட்டார், மறுபடி ஊரைக் கேட்டால் என்ன சொல்வது என்று. இந்த முறை எல்லோருக்கும் முன்னால் கேட்பார்களா என்றும் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் அவருக்கு ஒரு தமிழ் வசனம் பழக்கினேன். கெட்ட வசனம் அல்ல, அம்மாவின் மேல் ஆணை. எங்கள் மண்டபத்தில் ஆயிரம் தடவை கேட்டதுதான். அவருக்கு உச்சரிப்பு நன்றாக வந்துவிட்டது. கூட்டத்தில் எவராவது எழுந்து அவரிடம் "எந்த ஊர், எந்தப் பக்கம்?" என்று கேட்டால், அவர் மரியாதையாக எழுந்து நின்று, கேட்டவரைப் பார்த்து, "சொல்லுறன் ஐயா. முதல் நீங்கள் சொல்லுங்கோ, நீங்கள் எந்த ஊர், அங்கை எந்தப் பக்கம்?" என்று கேட்பார். சபையில் எல்லா ஊராரும் இருப்பார்கள். எல்லாப் பக்கத்தாரும் இருப்பார்கள். பதில் வரும்வரை அவர் நிற்பார். அவருக்கு நின்று பழக்கம்.

கேள்வி வராவிட்டால் அந்த வசனத்துக்கு வேலை இல்லை. அது வராமல் பார்த்துக்கொள்வது தலைவர் என்ற முறையில் தங்கள் கையில் இருக்கிறது.

நிறைய நம்பிக்கையோடும் கொஞ்சம் சந்தேகத்தோடும்,

யதுர்ஷா தில்லைநாதன்
(ஒப்பம்)

இடம்: ஹொல்ம்லியா, ஒஸ்லோ
திகதி: 25 மே 2008